ஒன்பதாவது புத்தகம்

என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன அன்று சபை வீட்டின் அலமாரியில் ஒரு புத்தகம்கூட இல்லை. அதுதான் அவன் செய்த குற்றம். கிறிஸ்தவர்கள் கூடும் வீடுகளைப் பூட்ட வேண்டும், அவர்களுடைய வேதப் புத்தகங்களைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று அரசாணை வந்திருந்தது. அதிகாரி ஆட்களோடு வந்து அலமாரியைத் திறந்தால் உள்ளே தூசிதான் இருந்தது.

எங்கள் வழக்கம் அப்படி. கூட்டம் முடிந்ததும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரப்படுத்துவது வாசகரின் பொறுப்பு. எங்கள் சபைக்கு வாசகன் என் தம்பி. வாரம்தோறும் எழுந்து நின்று கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பவன். எங்கே ஒளித்து வைத்தாய் என்று கேட்டார்கள். அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு அன்றைக்குப் பார்த்து வாயே திறக்கவில்லை. அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

புத்தகங்கள் என் பட்டறையில் இருந்தன. நான் புத்தகம் கட்டுகிறவள். என் புருஷன் இருந்தவரை இரண்டு பேருமாகச் செய்தோம், அவர் போன பிறகு நான் மட்டும். பதப்படுத்திய தோல் தாள்களை மடித்து, எட்டு எட்டு இலையாகச் சேர்த்துத் தைத்து, பலகை வைத்து, மேலே தோல் போர்த்திக் கொடுப்பேன். சபையின் ஒன்பது புத்தகங்களும் என் கையால் தைத்தவை. எல்லாவற்றுக்கும் சிவப்புத் தோல் அட்டை.

அந்தச் சிவப்பும் ஒன்பதும்தான் வினையாயிற்று. அலமாரியைத் துடைக்க வருகிற புண்ணியவதி ஒருத்தி அதிகாரியின் ஆட்களிடம் இரண்டையும் ஒப்பித்துவிட்டாள். மறுநாளே சத்திரத்து வாசலில் முரசடித்துச் சொன்னார்கள்: மூன்று நாளைக்குள் ஒன்பது சிவப்புப் புத்தகங்களும் சதுக்கத்துக்கு வர வேண்டும். வாசகன் தன் கையாலேயே ஒவ்வொன்றாக நெருப்பில் போட வேண்டும். போட்டால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் கல்சுரங்கம்.

கல்சுரங்கம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அனுப்புவதற்கு முன் ஒரு கண்ணைப் பொசுக்குவார்கள். ஓடிவிடாமல் இருக்கக் கால் நரம்பை அறுப்பார்கள். திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பெண்டாட்டியும் அவள் பெற்ற பச்சைக் குழந்தையும் ஒரே நாளில் போய், அந்த வீட்டில் தனியாகக் கிடந்தவன்.

அன்று மத்தியானம் மூன்று மூப்பர்கள் பட்டறைக்கு வந்தார்கள். தலைமை மூப்பர், வைத்தியர், பள்ளிக்கூட வாத்தியார். தைக்கக் கொடுப்பவர்கள் போல ஆளுக்கொரு கட்டுத் தாளைக் கையில் வைத்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு ஒன்பது புத்தகங்களையும் மேஜைமேல் பரப்பினேன்.

"அத்தனையையும் குடுத்துடலாம்" என்றேன் நான். "திரும்ப எழுதிக்கலாம். தம்பியத் திரும்ப எழுத முடியுமா?"

தலைமை மூப்பர் மென்று முழுங்கினார். "அப்படிச் சொல்லாதம்மா. பக்கத்து ஊர்கள்ல எல்லாம் எரிச்சுட்டானுங்க. நம்ம கிட்ட இருக்கறதுதான் கடைசியோ என்னவோ, யாருக்குத் தெரியும்? உயிரே போனாலும் குடுக்கக் கூடாததுன்னு சிலது இருக்கு."

"எது எது? சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்."

அப்போதுதான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதர்கள் எது வேதம், எது வேதமில்லை என்று அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள். அந்த ஊர்ச் சபை ஒன்றைச் சேர்க்கும், இந்த ஊர்ச் சபை அதைத் தள்ளும். கடிதம் போகும், கடிதம் வரும். இப்போது கழுத்தில் கத்தி வந்ததும் ஒரு மணி நேரத்தில் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

வாத்தியார் விரல் மடக்கினார். "மூணு கேள்விதான். எழுதினது யாரு? ஆண்டவரோட சீஷரா, அவங்க கூட இருந்தவங்களா? ரெண்டு, எல்லா ஊர்ச் சபையிலயும் வாசிக்கறாங்களா? மூணு, நமக்குச் சொல்லிக் குடுத்ததோட ஒத்துப்போகுதா?"

நான்கு நற்செய்திகளும் சேர்ந்த பெரிய புத்தகத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை, அது தானாக வலது பக்கம் போனது. சங்கீதங்கள் போயின. அப்போஸ்தலர்களின் கடிதங்கள் இரண்டு கட்டாக இருந்தன, அவையும் போயின. பழைய ஏற்பாட்டில் எங்களிடம் இருந்த மற்ற இரண்டும் போயின. ஆறு ஆயிற்று. இடது பக்கம் மூன்று மிஞ்சின. புதிதாகச் சேருகிறவர்களுக்கான போதனைப் புத்தகம் ஒன்று. பழைய மூப்பர் ஒருவர் எழுதிய நீளமான கடிதங்கள் ஒன்று. மூன்றாவது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சின்னப் புத்தகம்.

அந்தச் சின்னப் புத்தகத்துக்கு எழுதியவர் பெயர் கிடையாது. ஆண்டவரின் கல்லறைக்குப் போன பெண்கள் போகிற வழியில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது என்று யாரோ எழுதியது. எங்கள் ஊரில் அதை 'வழிப்பேச்சு' என்பார்கள். சபையில் வாசிக்க அனுமதி இல்லை. வீட்டில் வாசிக்கலாம்.

"மூணைக் குடுத்தா ஆறு குறையுதே" என்றார் வைத்தியர்.

என் தொழில் அப்போதுதான் எனக்குக் கைகொடுத்தது. வேதத்தில் எது பெரிது, எது சின்னது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை இலை என்று சொல்லத் தெரியும். "அவனுங்க எண்ணப்போறது அட்டையத்தான்" என்றேன். "ஆறோட சட்டையக் கழட்டிடறேன். உள்ள இருக்கறத மாவு மூட்டையில போட்டு ஆறு வீட்டுக்கு அனுப்பிடுங்க. அந்தச் சட்டைக்குள்ள வேற எதையாவது வச்சுத் தைக்கறேன். வீட்டுல பழைய புத்தகம் இருந்தா எடுத்துட்டு வாங்க."

"தொறந்து பாப்பான். படிச்சுப் பாக்க ஒரு எழுத்தனும் கூட வருவான்."

"மொதப் பக்கத்தப் பாப்பான். போதனைப் புத்தகமும் கடிதப் புத்தகமும் பெருசு. ரெண்டையும் பிரிச்சு, எட்டு எட்டு இலையா எல்லாத்துக்கும் முன்னால வச்சுடறேன். தொறந்ததும் ஆண்டவர் பேருதான் கண்ணுல படும். எட்டு புத்தகம் அப்படித் தேறிடும். ஆனா ஒண்ணாவது முழுசா இருக்கணும். எழுத்தன் நடுவுல ஒண்ணப் புரட்டிப் பாத்தா நாம செத்தோம். கடைசியா, மேல வைக்கறது முழுசா இருக்கட்டும்."

மூன்று பேரும் சின்னப் புத்தகத்தைப் பார்த்தார்கள். பிரித்தால் பத்தாது, முப்பத்திரண்டு இலைதான். அப்படியே வைக்க அதுதான் சரியான அளவு.

வைத்தியர் மட்டும் கையை அதன்மேல் வைத்தார். "இது வேணாம். சாகக் கெடக்கற வீட்டுல பொம்பளைங்க இதத்தான் கேக்கறாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன்."

"தப்பா ஒண்ணும் இல்லைதான்" என்றார் தலைமை மூப்பர். "ஆனா யாரு எழுதினதுன்னு தெரியலையே. பக்கத்து ஊருல பேரே கேள்விப்பட்டதில்லைங்கறான். இதுக்காக ஒருத்தன் சாகணுமா?"

வாத்தியார் இரண்டு பக்கமும் தலையாட்டினார், அவர் எப்போதும் அப்படித்தான். கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உன் தம்பி உசுரு."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடிகூட இல்லை. "குடுங்க" என்று வைத்தியரின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

இரண்டு நாள் தைத்தேன். வைத்தியர் தன் மருந்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "இனிமே யாருக்காவது பித்தம் ஏறினா என்னைக் கேக்காதீங்க, சதுக்கத்துச் சாம்பலக் கேளுங்க" என்று முணுமுணுத்தார். வாத்தியார் இலக்கணம் இரண்டு கொடுத்தார். குதிரைக்கு வரும் நோய்களைப் பற்றி ஒன்று, நட்சத்திரம் பார்க்கிறது ஒன்று, யாரோ எப்போதோ எழுதிய காதல் கவிதைகள் ஒன்று என்று சேர்ந்தன. பிரித்துப்போட்ட இரண்டு புத்தகங்களின் உள்கட்டுகளுக்குச் சபையார் வீட்டுக் கடிதக் கட்டுகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலையும் பழைய துளையிலேயே கோத்தேன். ஒன்பதாவது புத்தகத்தைத் தொட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அட்டையை மட்டும் துடைத்து எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சதுக்கத்தில் நல்ல கூட்டம். ஈரக் கட்டைகளை அடுக்கி நெருப்பு மூட்டியிருந்தார்கள். தம்பியைக் கொண்டுவந்தார்கள். உதடு கிழிந்திருந்தது, இடது கை வீங்கித் தொங்கியது. என்னைத் தேடினான், பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டான்.

எழுத்தன் முதல் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படித்து "சரி" என்றான். இரண்டாவதும் அப்படியே. அதன்பிறகு சலித்துப்போய்த் தலையை மட்டும் ஆட்டினான். கடைசி ஒன்றை மட்டும் நடுவில் பிரித்து இரண்டு மூன்று இடத்தில் வாசித்தான், அதற்கும் "சரி" என்றான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"போடு" என்றார் அதிகாரி.

தம்பி முதல் புத்தகத்தை வாங்கினான். கையில் வாங்கினதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காகச் சுமந்தவனுக்கு நற்செய்திப் புத்தகத்தின் கனம் தெரியாதா? கட்டைவிரலால் நடுவில் லேசாக விலக்கிப் பார்த்தான். குதிரை வைத்தியம். என் பக்கம் திரும்பினான். அந்தக் கிழிந்த உதட்டோடு சிரிக்கக்கூடப் பார்த்தான் பாவி. பிறகு போட்டான். தோல் தாள் சட்டென்று பற்றாது. சுருண்டு, கறுத்து, முடி கருகுகிற வாடையோடு மெதுவாகத்தான் எரியும். இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனான். எட்டு ஆயிற்று. நான் அவனுக்காக வீட்டில் கஞ்சி வைத்து மூடிவிட்டு வந்திருந்தேன்.

ஒன்பதாவதை வாங்கியதும் நின்றுவிட்டான்.

"போடுடா" என்று அதிகாரி சொல்வதற்கு முன் நானே கத்தினேன். "போட்டுட்டு வாடா வீட்டுக்கு!"

அவன் அதைத் திறக்கவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டான். "அக்கா, இது அவ கேட்டது" என்றான். "மூணு நாளும் இதத்தான் வாசிக்கச் சொன்னா. கடைசி மூச்சு வரைக்கும் வாசிச்சேன். இதப் போட என்னால ஆகாது."

எனக்குத் தெரியாது. ஆண்டவர் அறிய எனக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி பிரசவ வலியில் கிடந்த அந்த மூன்று நாளும் நான் அவன் வீட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். உள்ளே அவன் குரல் கேட்டது. ஏதோ வாசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு துணி அலசப் போனேன்.

அது வேதமே இல்லைடா, அதற்காக ஒருவனும் சாக வேண்டாம் என்று மூப்பர்களே சொல்லிவிட்டார்கள்டா! இது என் தொண்டைவரை வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால், அப்படியானால் வேதம் எங்கே என்று கேட்பார்கள். ஆறு வீடுகள், ஆறு மாவு மூட்டைகள். எல்லா வீட்டிலும் பிள்ளைகுட்டிகள். தலைமை மூப்பர் பக்கத்தில் நின்று என் முழங்கையை நெரித்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூடிக்கொண்டேன்.

அதிகாரி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவன் தலையசைத்தான். பிறகு அவன் கையிலிருந்து பிடுங்கி, எழுத்தனே அதை நெருப்பில் எறிந்தான். சின்னப் புத்தகம், சீக்கிரம் எரிந்துவிட்டது. தம்பியை அப்படியே சுரங்கத்து வண்டியில் ஏற்றினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் செத்துப்போனான் என்று ஒரு உப்பு வியாபாரி வந்து சொன்னார்.

ஏழு வருஷம் கழித்து அரசு மாறியது, ஆணையும் மாறியது. சபை வீட்டைத் திறந்துவிட்டார்கள். மாவு மூட்டைகளிலிருந்து ஆறும் வெளியே வந்தன. ஒன்றில் மட்டும் எலி கடித்து இரண்டு இலை போயிருந்தது. புத்தகங்கள் எரிந்துபோன ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஊர் ஊராக மூப்பர்கள் கூடிப் பட்டியல் போட்டார்கள். எங்கள் ஆறும் அதில் இருந்தன.

தலைமை மூப்பரும் வைத்தியரும் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார்கள். பட்டியலில் உள்ளதெல்லாம் ஒரே அட்டைக்குள் வருகிற மாதிரி ஒரு பெரிய புத்தகம் கட்ட வேண்டும் என்றார்கள். முதல் இலையில் எழுத வேண்டியதையும் கொண்டுவந்திருந்தார்கள்: 'இந்தப் புத்தகங்களைக் கொடுக்க மறுத்து உயிர்விட்ட நம் வாசகரின் நினைவாக.'

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. "இதுங்களயா மறுத்தான்? அவன் எதுக்காகச் செத்தான்னு உங்களுக்குத் தெரியாது? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"தெரியும்மா" என்றார் தலைமை மூப்பர். கிழடு தட்டிப்போயிருந்தார். "ஆனா அந்தப் பேரை எழுதினா, எங்க அந்தப் புத்தகம்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? எங்கயும் பிரதி இல்லை. எல்லா ஊருக்கும் எழுதிக் கேட்டாச்சு."

வைத்தியர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு அதுல ஏதாவது ஞாபகம் இருந்தா சொல்லு. ரெண்டு வரி போதும். அதையாவது எழுதி வைப்போம். நான் இவர்கிட்டப் பேசிக்கறேன்."

அவர் பேனாவையும் எடுத்துவிட்டார். நான் யோசித்தேன். தாள் எனக்கு ஞாபகம் இருந்தது, கன்றுத் தோல், ஓரத்தில் ஒரு இலையில் சின்னத் துளை. நூல் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு கட்டின் மூலையிலும் இருக்கிற எண் ஞாபகம் இருந்தது. புத்தகம் கட்டுகிறவள் அதை மட்டும்தான் பார்ப்பாள், வரிசை மாறாமல் இருக்க. எனக்கு வாசிக்கத் தெரியும். அந்தப் புத்தகத்தைத் தைத்தவளே நான்தான். ஒரு வரிகூட வாசித்ததில்லை.

மறுநாள் மருத்துவச்சியைத் தேடிப் போனேன். தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம் பார்த்தவள் அவள், மூன்று நாளும் அந்த அறையிலேயே இருந்தவள். அவள் நெற்றியைச் சுருக்கி நினைத்துப் பார்த்தாள். "வாசிச்சுக்கிட்டேதான் இருந்தாரு அக்கா. நல்லாத்தான் இருந்துச்சு. நான் வெந்நீர் வச்சுக்கிட்டிருந்தேன், காதுல வாங்கல" என்றாள்.

பெரிய புத்தகத்தைக் கட்டி முடிக்க நாலு மாதம் ஆயிற்று. முதல் இலையை அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே வைத்துத் தைத்தேன்.