மஞ்சள் குறைக்காத படம்

இந்த முறை மஞ்சளைக் குறைக்க மாட்டன். ஆர் கேட்டாலும் குறைக்க மாட்டன்.

படம் கழுவும் கடையில் அச்சு இயந்திரத்துக்கு முன்னால் நின்ற செல்வமலரின் மனதில் ஓடியது இதுதான். சனிக்கிழமை மத்தியானம். அன்றைக்குக் கடைசியாக அவள் ஓடவிட்டது தன்னுடைய சொந்தப் படச்சுருளை. அகதியாக இந்த ஆங்கிலேய ஊரான கிங்ஸ்பரிக்கு வந்து பதினொரு வருஷமாக மற்றவர்களின் விடுமுறைகளைத்தான் கழுவிக் கொடுத்திருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னர் ஒரு பிழை விட்டாள். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரின் சுருளில் மலைச்சுவர் முழுக்க மஞ்சளும் ரோசாவும் துருச்சிவப்புமாக இருந்தது. இயந்திரம் நிறம் பிசகிவிட்டது என்று நினைத்து, மினக்கெட்டு ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைக் குறைத்து, அடக்கமான சாம்பல் மலையாக்கிக் கொடுத்தாள். மறுநாள் அவர் திரும்பி வந்தார். கோபிக்கவில்லை. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்றொரு பூங்கா, எரிமலைச் சூட்டில் வெந்த பாறையை ஆறு அறுத்த பள்ளத்தாக்கு, அதன் நிறமே அதுதான் என்றார். அவள் மன்னிப்புக் கேட்டு மறுபடி அச்சடித்தாள். ஆனால் நம்பவில்லை.

அதுவரை அவள் எடுத்த லீவெல்லாம் ஆரோ ஒருவரின் பிள்ளைப்பேற்றுக்கும் செத்தவீட்டுக்கும் போனவை. கலியாணம் கட்டாதவளுக்கு வேறென்ன வேலை என்று எல்லோரும் எண்ணினார்கள், அவளும் எண்ணியிருந்தாள். இந்தச் செப்டெம்பரில், நாற்பத்தாறு வயதில், அகதிப் பயணப் பத்திரத்தில் அமெரிக்க விசாக் குத்துவித்துக்கொண்டு, அந்த மஞ்சளைக் கண்ணால் பார்க்க யெல்லோஸ்டோனுக்குத் தனியாகப் போனாள். பள்ளத்தாக்கின் விளிம்புக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். கிழவரின் படத்தில் இருந்ததைவிடவும் மஞ்சள். ஒருவரும் குறைக்காத மஞ்சள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பஸ்ஸில் கூட வந்த யப்பான்காரி ஒருத்தி, சிவப்புக் கார்டிகனோடு நின்றவளின் அந்தச் சிரிப்பைச் செல்வமலரின் கமராவிலேயே படம் பிடித்துக் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அண்ணன் அம்பலவாணன் அவள் வீட்டுக்கு வந்தபோது அச்சடித்த அந்தப் படம் மேசையில் கிடந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மூத்த அக்கா கமலாம்பிகை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அமெரிக்கா வரைக்கும் வந்தவள் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுப் படி மிதிக்காமல் திரும்பிவிட்டாளே என்று கண்ட எல்லோருக்கும் சொல்லி அழுகிறாளாம்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஆரும் போவினமே? அதுவும் கல்லுப் பாக்க?"

அவர் படத்தை எடுத்துப் பார்த்தார். தங்கை அப்படிச் சிரித்து அவர் கண்டதில்லை போலும். சட்டென்று கவிழ்த்து வைத்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"வேலையிடத்தால அனுப்பினவங்கள் எண்டு சொல்லிவிடு, பிள்ளை. ஒரு சொல்லுத்தானே. உன்ர அக்கா ஆறிப்போவா."

அவரே எண்களைச் சுழற்றி, மணி போவதைக் கேட்டு, றிசீவரை நீட்டினார்.

கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும், எல்லோரும் திருப்தியாகிவிடுவார்கள். அந்தக் கைப்பழக்கம் அவள் விரல்களில் இன்னும் இருந்தது. அவள் படத்தை நிமிர்த்தி, தொலைபேசிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"வாற பங்குனிக்கு அக்கா வீட்டுக்குப் போறன், அண்ணை. அதைச் சொல்லுறன். ஆனா என்னை ஒருத்தரும் அனுப்பேல்லை. நானாத்தான் போனனான்."

அம்பலவாணன் றிசீவரின் வாயைக் கையால் பொத்தினார். காது வைக்கும் முனையால் அக்காவின் "ஹலோ, ஹலோ" கசிந்தது. செல்வமலர் றிசீவருக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். படத்தில், மஞ்சள் மலைச்சுவருக்கு முன்னால், சிவப்புக் கார்டிகன் போட்ட சிறிய பெண் ஒருத்தி வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.