முட்டிக்குள் ஒரு வெள்ளைக் கோடு

அக்கா மாடியில் நடந்தால் கீழே எனக்குக் கேட்கும். வலது காலை ஊன்றும்போது ஒரு ‘டக்’. இடது காலுக்குச் சத்தமே இல்லை. பதினொரு வருடமாக இந்த ‘டக்’குக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், துணி மடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறேன்.

“முட்டியை வச்சுக்கிட்டு எதுக்கு மாடி? கீழ வந்துடுக்கா” என்று கெஞ்சாத நாளில்லை. “கொசுவோட நீயே குடும்பம் நடத்து. எனக்கு மாடிதான்” என்பாள். உயரத்திலேயே பிழைத்தவள். அக்கா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவளாக இருந்தாள். மூன்று ஆள் உயர ஏணியின் உச்சியில், ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ், வாயில் பாட்டு. விடுமுறை நாட்களில் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பது என் வேலை. தலை முழுக்கச் சொட்டு விழும். நிமிர்ந்து திட்டினால் இன்னும் இரண்டு சொட்டு வேண்டுமென்றே விழும். அவள் அடித்த சுவர்கள்தான் என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தன. இப்போது அவள் ஒரு பெயின்ட் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, யார் யாருடைய சுவருக்கோ நிறம் கலக்கிக் கொடுக்கிறாள்.

என் தொழில் ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது. நோயாளியின் முகம் எனக்கு வேண்டியதில்லை. இருட்டறை, இரண்டு நாற்காலி, இரண்டு திரை, அவ்வளவுதான் என் உலகம். அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரர்களின் படம் வந்தால் தொடாதே, எதிர் நாற்காலி டாக்டருக்குத் தள்ளிவிடு. பாசம் கண்ணைக் கெடுக்கும். எல்லோருக்கும் இந்தச் சட்டத்தை முறைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பவள் நான். அதை மீறியவளும் நான்தான், ஒரே ஒரு தடவை.

பதினொரு வருடம் முன்பு அக்கா ஏணியிலிருந்து கடைசி நாலு படியை விட்டுக் குதித்தாள். முட்டி வீங்கியது. மூன்று மாதமாகியும் வலி போகவில்லை. “என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லித் தொலைடி. வீட்ல உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குது” என்றாள். ஸ்கேன் எடுத்தோம். எதிர் நாற்காலிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் வந்திருப்பார். எனக்குப் பொறுமை இல்லை. நானே திறந்தேன்.

முட்டிக்குள் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மெனிஸ்கஸ் என்பது படித்த பெயர். ஜவ்வு என்றால் எல்லோருக்கும் புரியும். ஸ்கேனில் அது சின்னக் கருப்பு முக்கோணமாகத் தெரியும். கிழிந்திருந்தால் கருப்பின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அக்காவின் வலது முட்டியில், வெளிப்பக்க ஜவ்வின் பின்நுனியில், மயிரிழை போல அந்தக் கோடு இருந்தது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவின் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது, கண்டுபிடித்தது நான். ‘கிழிசல்’ என்று எழுதினேன். எலும்பு டாக்டர் என்னை நம்பினார். உள்ளே போய்ப் பின்நுனியை வெட்டிச் சீர்செய்தார். அன்றிலிருந்து அக்கா ஏணி ஏறவில்லை. மெத்தை குறைந்த முட்டியில் ‘டக்’ வந்து குடியேறியது.

மூன்று வருடம் கழித்து, ஒரு பயிற்சிக்காக உடல்களை அறுத்துக் காட்டும் கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆசிரியர் ஒரு முட்டியைப் பின்பக்கமாகத் திறந்து வைத்திருந்தார். “ஜவ்வு சும்மா மிதக்கலை. நாலு பக்கமும் நாரால கட்டி வச்சிருக்கு” என்று ஒவ்வொன்றாக இடுக்கியால் தொட்டுக் காட்டினார். ஓரத்தைக் கீழ்க்கால் எலும்போடு இழுத்துப் பிடிக்கும் நார். முன்பக்கம் இரண்டு பிறைகளையும் ஒன்றோடொன்று கட்டும் நார். கடைசியாக, வெளிப்பக்க ஜவ்வின் பின்நுனியிலிருந்து சாய்வாக மேலேறி, தொடை எலும்பின் உள்பக்கத்தைப் பற்றிக்கொள்ளும் மெல்லிய நார் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். “இது சில பேருக்கு இருக்கும், சில பேருக்கு இருக்காது. இந்த நாருக்கும் ஜவ்வுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி தெரியுதா? ஸ்கேன்ல அது கிழிசல் மாதிரியே வெள்ளையாத் தெரியும். எத்தனையோ பேர் ஏமாந்திருக்காங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதியிலேயே கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் போர்வைக்கு அடியிலிருந்த அக்காவின் பழைய படத்தை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கிழிசலா, நாரா என்று அறிய, முட்டியை ரொட்டிபோலத் துண்டு துண்டாகச் சீவிக் காட்டும் ஸ்கேனின் அடுத்தடுத்த வெட்டுகளில் அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். ஃபிலிமில் பதிந்திருந்ததோ நாலே நாலு வெட்டு. மற்றவை பழைய கணினியோடு போய்விட்டன. கிழிசலாகவும் இருக்கலாம். படத்தை மறுபடி போர்வைக்கு அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கோடு என்னை விடவில்லை. சோப்பில் ஒட்டிய முடியில் இருக்கும். காபிக் கோப்பையின் கீறலில் இருக்கும். மேலே ‘டக்’ என்று கேட்கும். கேட்டதும் கண்ணுக்குள் வெள்ளையாக ஓடும். அக்கா கீழே வந்து “என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்கே?” என்பாள். தலைவலி என்று சொல்லிவிடுவேன். எட்டு வருடத்துத் தலைவலி.

போன வாரம் அக்காவுக்கு இடது முட்டி வலித்தது. வலது காலின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ஸ்கேனுக்கு வந்தாள். மெஷின் ஓட்டுபவரை நாங்கள் ‘அசையாதீங்க’ என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுக்க அவர் சொல்வது அது ஒன்றுதான். “அக்கா, அசையாதீங்க” என்றார். “அசைய முடிஞ்சா நான் ஏன்பா இங்க வர்றேன்?” என்றாள் அக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் சிரித்தேன். மெஷின் ‘டக் டக் டக்’ என்று அடிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

சட்டப்படி படம் எதிர் நாற்காலிக்குப் போனது. இப்போது அதில் உட்காருபவர் புதியவர், கெட்டிக்காரர். மாலைக்குள் எழுதிவிட்டார். ‘வெளிப்பக்க ஜவ்வின் பின்நுனியில் கிழிசல்.’ திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தாயிற்று.

மறுநாள் காலை அவருடைய திரையில் அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னேன். அதே கோடு. அதே இடம். இந்த முறை எல்லா வெட்டும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கோடு ஜவ்வை விட்டு விலகியது. பக்கத்திலிருந்த கருப்பு நூல் சாய்ந்து மேலேறியது. ஐந்தாவது வெட்டில் தொடை எலும்பைப் போய்ப் பற்றிக்கொண்டது. கிழிசல் எங்கேயும் ஏறிப்போய் எலும்பைப் பிடித்துக்கொள்ளாது. ஒரு முட்டியில் இருந்தால் பெரும்பாலும் மறுமுட்டியிலும் இருக்கும் நார் அது.

“இதைத் துரத்திப் பாக்கலையா?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் எழுந்து நின்றுவிட்டார். “வலது முட்டிக்கு நீங்க எழுதின ரிப்போர்ட் ஃபைல்ல இருந்துச்சு மேடம். அதே இடம், அதே கோடு. நீங்களே கிழிசல்னு சொல்லியிருக்கும்போது…”

நான் எழுதிய ஒரு வரி பதினொரு வருடம் காத்திருந்து, அக்காவின் இன்னொரு காலுக்கும் வந்துவிட்டது. அவர் அப்போதே திருத்தி எழுதி, எலும்பு டாக்டருக்குப் போன் செய்தார். “அப்போ அந்த வலது…” என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

இடது முட்டி தப்பியது. நான் வாயை மூடிக்கொண்டால் நானும் தப்பிவிடலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வெட்ட வேணாம்கா. அது கிழிசல் இல்லை. பிறவியிலேயே இருக்கிற நார். கொஞ்ச நாள் ஓய்வு, கொஞ்சம் பயிற்சி, போதும்.”

“நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?” என்றாள். பிறகு அவளே கேட்டாள். “வலதுல இருந்ததும் இதே இடம்தானே?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. எட்டு வருடம் பயின்ற பொய் நாக்கு நுனியில் இருந்தது.

“இதே இடம்தான். இதே கோடுதான். அதுவும் கிழிசல் இல்லைக்கா. நான்தான் கிழிசல்னு எழுதினேன்.”

அக்கா தன் வலது முட்டியைப் பார்த்தாள். யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“சுவர்ல விரிசல் தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்னு ஞாபகம் இருக்கா?”

“நகத்தால தேய்ப்பே.”

“ஏன்?”

“சில சமயம் அது சிலந்தி நூலா இருக்கும்.”

“நீ தேய்ச்சுப் பாத்தியா?”

“இல்லைக்கா.”

“கீழ போ” என்றாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

இரண்டு நாள் மேலே சத்தமே இல்லை. கடைக்கும் அவள் போகவில்லை. பதினொரு வருடம் எந்தச் சத்தம் நின்றால் போதும் என்று கிடந்தேனோ, அது நின்றதும் மறுபடி கேட்காதா என்று காத்திருந்தேன். மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலே எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. இரும்புச் சத்தம். எனக்கு அது என்னவென்று தெரியும். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்.

கூடத்துச் சுவரில் அக்கா ஏணியைச் சாய்த்திருந்தாள். இரண்டாவது படியில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கையில் வாளி இல்லை, பிரஷ் இல்லை. நான் ஓடிப்போய் ஏணியின் காலைப் பிடித்தேன், அந்தக் காலத்தில் பிடித்த அதே இடத்தில்.

“கையை எடு” என்றாள், திரும்பாமல்.

“அக்கா, விழுந்துடுவே.”

“கையை எடுடி.”

எடுத்தேன். அவள் வலது காலைத் தூக்கி மூன்றாவது படியில் வைத்தாள். டக்.