ஒற்றை மணி

கைப்பேசி ஒரு முறை ஒலித்து அடங்கியது. கண்டக்டர் வாய் நிறைய பற்பசை நுரையோடு அப்படியே நின்றார். இன்னொரு மணி வரவேண்டும். வரவில்லை.

பேருந்தில் மணியடிப்பது இவர் வேலையாக இருந்தது. ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். இவரும் அதே பேருந்தின் டிரைவரும் ஓய்வுபெற்ற பின் அந்த வேலை டிரைவருடையதாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்து தனியாகிவிட்ட டிரைவர், காலையில் இரண்டு மணி ஒலிக்கவிட்டுத் துண்டிப்பார். இருக்கிறேன், கவலைப்படாதே என்று பொருள். பேச ஒன்றுமில்லாத நாள்களிலும் அந்த ஏற்பாடு தவறியதில்லை. ஒற்றை மணி இதுவரை வந்ததில்லை.

திருப்பி அழைத்தார், எடுக்கவில்லை. வாயைக் கொப்பளித்து, கைக்குக் கிடைத்த நேற்றைய சட்டையை மாட்டிக்கொண்டு, எதிர்க் குடியிருப்புக்கு விரைந்தார். லிஃப்ட் பழுது. படியேறக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்த நெஞ்சு அவருடையது. முதல் மாடிவரை பயமே அவரைத் தூக்கிச் சென்றது. அதற்கு மேல் அலுப்புதான் கூட வந்தது. ஒருவனை உயிரோடு வைத்திருக்கும் இந்த உத்தியோகத்துக்கு ஓய்வே கிடையாதா என்று நினைத்தார். நினைத்ததற்காக, ஆளில்லாத அந்தப் படிக்கட்டில் வெட்கப்பட்டார்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தே இருந்தது. டிரைவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"விழுந்துட்டியாய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்ன எழவுக்கு ஒரு மணி?"

"போதும்னு தோணுச்சு." டிரைவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "மாத்திரைய நிறுத்தி ஒரு வாரமாச்சு. யாருக்காக முழுங்கணும், சொல்லு? உங்கிட்ட மட்டும் சொல்லாமப் போனா நல்லாருக்காதுன்னுதான்..."

திட்டுவதற்கென்று படிதோறும் சேர்த்துவந்த சொற்களைக் கண்டக்டர் தேடினார். கிடைத்தது மூச்சுதான், அதுவும் பாதி. சுவரைப் பிடித்த கை வழுக்க, நாற்காலியில் சரிந்தார்.

டிரைவர் எழுந்தார். அந்த வேகம் இருவருக்குமே புதிதாக இருந்தது.

"யோவ், என்னய்யா பண்ணுது? படியேறாதன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரா இல்லையா?"

"நீ மணியடிச்சா... நான் என்ன, டிக்கெட் கிழிச்சிட்டு ஒக்காந்திருக்கவா?"

"வாய மூடு. செத்துகித்துத் தொலைச்சிடாத. மூணு மாடி உன்ன எவன் எறக்குறது?"

கண்டக்டரின் சட்டைப் பையைத் துழாவி, நெஞ்சுவலி மாத்திரையை எடுத்து அவர் நாக்கடியில் வைத்தார். தண்ணீருக்காக அடுப்படிக்கு ஓடினார். அங்கே கழுவிய டம்ளர் என்று ஒன்றுகூட இல்லை. முணுமுணுத்தபடி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"டீ போடவா?"

"போடு. ரெண்டு பேருக்கும்."

டீப் பாத்திரத்தின் அடி கரிந்துபோயிருந்தது. டிரைவர் குழாயைத் திறந்தார். சுரண்டும் ஓசை தொடங்கியது. அது முடிந்த பின்னும் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு தட்டு, பிறகு வாணலி, பிறகு கரண்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். இடையிடையே, "இருக்கியாய்யா?" என்று அதட்டல்.

"ம்."

கண்டக்டரின் மூச்சு எப்போதோ சீராகியிருந்தது. எழுந்து போய்விடலாம். நெஞ்சின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. பாதி திறந்த அடுப்படிக் கதவின் வழியே, முழங்கைவரை நனைந்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அது அடுத்த பாத்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தது.