இடது மிதவை

காலை பத்து மணிக்கு விமானத்தை நீரிணையில் நங்கூரமிட்ட பீப்பாயில் கட்டிவிட்டுப் படகுகள் விலகிக்கொண்டன. பந்தய விதி அப்படி. மாலை நாலு மணிவரை அது தானாக மிதக்க வேண்டும். மனிதக் கை பட்டால் போட்டியிலிருந்து வெளியே.

ஹெஸ்டர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இரட்டை இறக்கைகளுக்குத் துணி தைத்தவள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன் அது சக்கரத்தில் ஓடி, தரைப் பந்தயத்தில் வெள்ளிக் கோப்பை வாங்கியது. அப்போது அவளுக்குப் பயமில்லை. பிறகு சக்கரத்தைக் கழற்றி, படகுத் தச்சனான அவள் கணவன் ஆம்புரோஸ் செய்த மர மிதவைகளைப் பூட்டினார்கள். போன வருஷம் இதே நீரிணையில் வேறொரு விமானம் இறங்கும்போது குப்புறக் கவிழ்ந்தது. இருக்கை வாரில் கட்டுண்டிருந்த விமானியை நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். நாளை ஓட்டப்போவது அவள் தம்பி லயனல்.

"ஆம்புரோஸ், இடது பக்கம் தாழுது."

"காத்து அந்தப் பக்கம் தள்ளுது."

"காத்து நின்னு அரை மணியாச்சு."

அவன் ரொட்டியை மென்றபடி சொன்னான். "புது மரம் முதல்ல கொஞ்சம் தண்ணி குடிக்கும். குடிச்சு ஊதினா பலகைச் சந்து தானா மூடிக்கும். எங்கப்பா காலத்துலேருந்து எத்தன படகு பார்த்திருக்கேன்."

"படகுக்கு விடுற மாதிரியே இதுக்கும் பலகைக்கு நடுவுல சந்து விட்டியா?"

"அதே அளவுதான்."

"படகு வருஷம் பூரா தண்ணில கெடக்கும். இத மூணு வாரம் அடுப்போரமா காய வெச்ச. உள்ளயும் வெளியயும் ஏழு பூச்சு வார்னிஷ். மரம் எங்க குடிக்கும், எப்படி ஊதும்?"

ரொட்டி அவன் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

லயனல் தேநீர்க் குவளையோடு வந்தான். "என்ன, ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி?"

அவள் சொன்னாள். அவன் சிரித்தான். "நாலு மணிவரை மிதந்தா போதும். அப்புறம் தண்ணிய எறக்கிடலாம்."

"நாளைக்குப் பந்தயத்துல உன் முறைக்காகத் தண்ணில காத்திருப்பியே, அப்ப சந்து வழியா மறுபடி உள்ள ஏறும். அந்தக் கனத்தோட நீ பறந்துட்டு வந்து எறங்கணும். ஒரு பக்கம் முன்னாடி குத்தும்."

சிரிப்பு நின்றது. "விமானக் கம்பெனில சொல்லிடாத. சந்துல கொஞ்சம் தாரு பூசிட்டு, வேற ஒருத்தன ஏத்தி அனுப்புவாங்க."

"உனக்குப் பயமா இல்லயா?"

"இல்லாம இருக்குமா? ஒரு தரம் பயம்னு வாயத் தொறந்தா, அப்புறம் எவன் என்னக் கூப்பிடுவான்?"

அவள் கணவனைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்."

"என் கைவேலை, ஹெஸ்டர்," என்றான் அவன், தரையைப் பார்த்து. "நானே எப்படிச் சொல்லுவேன்?"

மூன்றரைக்கு இடது மிதவையின் மூக்கு நீரோடு நீராகத் தெரிந்தது. இன்னும் அரை மணி தாங்கிவிடும். தாங்கினால் நாளை லயனல் அதில் ஏறுவான். மூழ்கித் தொலைந்தால்கூடத் தேவலை.

அவள் எழுந்து சிறிய துடுப்புப் படகைத் தள்ளினாள்.

"எங்க போற?" என்றான் ஆம்புரோஸ். அவள் துடுப்பை நீரில் இறக்கினாள். அவனும் தடுக்கவில்லை.

துடுப்பு இரண்டு முறை நழுவியது. நடுவரின் படகிலிருந்து தகரக் குழாய் வழியாகக் குரல் வந்தது. "அம்மா, திரும்பிப் போங்க. கிட்ட போகாதீங்க."

கிட்டே போனதும் மிதவைக்குள் தண்ணீர் புரளும் ஓசை கேட்டது. நிறைந்த வயிறு குலுங்குவது போல. தலைக்கு மேல் அவள் தைத்த இறக்கை சாய்ந்து நின்றது.

"அம்மா, தொட்டுடாதீங்க."

அவள் உள்ளங்கையை இடது மிதவையில் அழுத்தி வைத்தாள்.

"நல்லா பாத்துக்கிட்டீங்களா ஐயா?" என்றாள். "தொட்டுட்டேன்."

விமானத்தைக் கரைக்கு இழுத்ததும், யாரும் கேட்காமலே ஆம்புரோஸ் இடது மிதவையின் அடைப்பைத் திருகி எடுத்தான். தண்ணீர் கொட்டியது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தார்கள், நிற்கவில்லை. கம்பெனி ஆட்கள் அவனையே பார்த்தார்கள்.

லயனல் அவளருகே வந்தான். முகம் வெளுத்திருந்தது. "இனி எனக்கு விமானம் குடுக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"உன்ன மன்னிக்கவே மாட்டேன்."

"சரி."

அவன் கற்களின் மேல் தடுமாறிக் கரையேறிப் போனான். துடுப்பு உராய்ந்து உப்பில் எரிந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவன் வளைவில் மறையும்வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள் ஹெஸ்டர்.