ஜெபக்கூட்டத்தில் மாறிப்போன சப்பாத்து

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதன்கிழமை பின்னேரம் இல்ஃபோர்டில் பிரியந்தி வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் ஆட்கள் கூடினால் வாசலில் சப்பாத்துக் குவியல் கிடக்கும். முப்பது சோடி, எல்லாம் கறுப்பு. நான் யாரையும் நம்புகிறவன் அல்ல. என்னுடையதை எப்போதும் தனியாகச் சுவரோடு ஒட்டி வைப்பேன். அன்றைக்குப் போட்டுப்போனது புதுசு. நீரிழிவு வருத்தத்தால் மரத்துப்போன என் காலுக்காக உள்ளே மெத்தை வைத்தது.

அன்று பாஸ்டர் ஒரு விஷயம் சொன்னார். காலையில் எழும்பியதும் எங்கள் தேவைகளை ஆண்டவரிடம் நீட்டக்கூடாதாம். அவருடைய வேலை என்னவென்று கேட்க வேண்டுமாம். "அவரிட்டப் பெரிய திட்டம் ஒண்டு இருக்கு. உங்கட நாளைக் கொண்டுபோய் அதுக்குள்ள வையுங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வருமுன் ஜெர்மனியில் பதினெட்டு வருடம் ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அதில் என்ன திட்டம் இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ரோல்ஸ் கடித்துத் தேத்தண்ணி குடித்து வெளியே வந்தால் சுவரோரம் என் சப்பாத்து இல்லை. குதி தேய்ந்த பழைய சோடி ஒன்று கிடந்தது.

"ஆரோ வேணுமெண்டு எடுத்திட்டான்" என்றேன்.

"ஜெபக்கூட்டத்துக்கு வந்து ஆர் அண்ணை சப்பாத்துக் களவெடுக்கிறது?" என்றாள் பிரியந்தி.

"ஜெபிக்க வந்தவன் எடுக்கமாட்டான். ரோல்ஸுக்கு வந்தவன் எடுப்பான்."

எல்லாருக்கும் முதல் டாக்சியில் கிளம்பிப் போனவர் வாமதேவன். பிரியந்தியின் கணவரோடு முன்பு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தவர். பக்கத்து ஊரான செவன் கிங்ஸில் தனியாக இருக்கிறவர். சைவக்காரர். நாலு பேரோடு கதைக்கலாம் என்று வருகிறவர். நான் கிட்டப்போய்க் கதைத்ததில்லை. போன் அடித்தோம், எடுக்கவில்லை. கள்ளன் யாரென்று முடிவுகட்ட எனக்கு அது போதும். பிரியந்தியிடம் விலாசத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இண்டைக்கு உம்மட வேலை என்ன எண்டு காட்டும். முதல்ல என்ர சப்பாத்தைக் காட்டும்" என்றேன். பகிடியாகத்தான் கேட்டேன். பிறகு அந்தப் பழைய சோடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாமதேவன் எங்கோ போக வெளிக்கிட்டு நின்றபடியே கதவைத் திறந்தார். காலில் என் சப்பாத்து.

"நல்ல சப்பாத்து, என்ன?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்து, "ஆர், டாக்சிக்காரத் தம்பியோ?" என்றார்.

கிட்டப்போய்ப் பார்த்தேன். இரண்டு கண்மணியிலும் பால் ஊற்றியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது.

"நான் ஜெராட். நேற்று ஜெபத்தில இருந்தனான். நீங்கள் போட்டிருக்கிறது என்ர சப்பாத்து."

அவர் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "அதுதான் காலுக்குச் சுகமாய்க் கிடந்தது. சுவரோட வைச்சால் தடவி எடுக்கலாம் எண்டு நானும் அங்கதான் வைச்சனான், தம்பி. கண் இவ்வளவு மங்கினது அங்க ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கழற்றித் தந்தார்.

பழையதை அவர் காலடியில் வைத்தேன். எங்கே போகிறார் என்று கேட்டேன். கண் ஆப்பரேஷனாம். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விடப் பொறுப்பான ஆள் இல்லையென்றால் ஆப்பரேஷன் இல்லை.

"இண்டைக்கு ஆர் வருகினம்?"

"மகன் வாறான் எண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறன்."

"மகன் எங்க?"

"கனடாவில."

"அப்ப பின்னேரத்துக்குள்ள வந்திடுவார்."

அவர் சிரித்தார். "சும்மா சொன்னனான். இந்த முறையும் திருப்பினால் லிஸ்டில இருந்து வெட்டிப்போடுவினம். பிறகு உள்ள வெளிச்சமும் போயிடும்."

டாக்சி வந்து ஹோர்ன் அடித்தது. என் சப்பாத்து என் காலில். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் காலையில் பகிடியாகக் கேட்டது மனதுக்குள் வந்து நின்றது. தள்ளிவிடப் பார்த்தேன், போகவில்லை.

"கொஞ்சம் அங்கால அரக்கி இருங்கோ" என்று நானும் ஏறினேன்.

வழியில் அவர், "நான் பிள்ளையாரைக் கும்பிடுறவன். உங்கட ஆண்டவர் எனக்கும் ஆள் அனுப்புவாரோ?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. என்னட்ட அவர் ஒண்டும் சொல்லிப்போட்டுச் செய்யிறதில்லை."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். பொறுப்பு எடுக்கிறவரின் பெயர், விலாசம், கையெழுத்து. என் கை நின்றுவிட்டது. ஜெர்மனியில் ஒருவனை நம்பி, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்து, இருந்த வீட்டை விட்டு வெளியேறினவன் நான். அதற்குப் பிறகு தாளைக் கண்டால் எழும்பிப் போய்விடுவேன். சபையில் சேரப் பாஸ்டர் தந்த படிவம்கூட மூன்று வருடமாக மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

"ஏலாதெண்டால் விடுங்கோ, தம்பி" என்றார் வாமதேவன். "எனக்குப் பழகிப்போச்சு."

அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். என் மனிசி செத்துப்போன பிறகு, யார் சுகம் விசாரித்தாலும் நான் சொல்லி அனுப்புவதும் அதைத்தான். நர்ஸிடம் தாளை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் மெதுவாக வாசித்தாள். கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் போய் ஆப்பரேஷன் செய்த கண்ணின் கட்டை அவிழ்த்தேன். அவர் என் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"குரலைக் கேட்க இவ்வளவு கிழவன் எண்டு தெரியேல்லை" என்றார். பிறகு வாசலில் கிடந்த இரண்டு சோடியையும் பார்த்தார். "கண் தெரிஞ்சிருந்தாலும் உங்கடையைத்தான் எடுத்திருப்பன்."

நாலு வாரத்துக்கு, நாளுக்கு நாலு தரம் சொட்டு மருந்து. அவர் தானே விட்டால் கன்னத்தில்தான் விழுகிறது. அதனால் நான் போகிறேன். மத்தியானம் அங்கேயே சமைக்கிறேன். உப்புப் போதாது என்று சொல்லிச் சொல்லியே இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுகிறார்.

இதை நான் அற்புதம் என்று சொல்ல வரவில்லை. கண் தெரியாத மனிதர் சப்பாத்தை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுபத்தொரு வயதில், பகிடியாகக் கேட்டவனுக்கும் அவர் வேலை தந்தார். கோப்பை கழுவிய பதினெட்டு வருடத்துக்குக் காரணம் இன்னும் தெரியாது. அது அவரிடமே இருக்கட்டும்.

அடுத்த மாதம் மற்றக் கண். அந்தத் தாளுக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். காலையில் இப்போது 'உம்மட வேலை என்ன' என்று ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், பகிடி இல்லாமல். எட்டு மணி மருந்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும், ஜெபம் கட்டையாகிவிட்டது. ஆண்டவர் குறை நினைக்கமாட்டார்.