கன்னத்தில் ஓடிய கோடு

வங்கி அதிகாரி நீட்டிய தாளைப் பார்த்ததும் ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய அடையாள அட்டையின் நகல் அது. அதைக் கொடுத்து அவள் பெயரில் கிரெடிட் கார்டு எடுத்து, எவரோ ஒரு செல்போனும் பெரிய டிவியும் வாங்கிவிட்டார்கள். நோட்டீஸ் மட்டும் அவளைத் தேடி வந்துவிட்டது.

அதைவிட அவளை உலுக்கியது, நகலில் அவள் கன்னத்தின் குறுக்கே ஓடிய மெல்லிய கறுப்புக் கோடு. அவள் கடை மிஷினின் கண்ணாடியில் விழுந்த கீறல் அது. செலவு பிடிக்கும் என்று நாலு மாதமாக மாற்றாமல் தள்ளிப்போட்டு வருகிறாள்.

"பெரும்பாலும் கூட இருக்கறவங்கதாம்மா இப்படிப் பண்றாங்க," என்றார் அதிகாரி. "புகார் எழுதிக் குடுங்க. யார் மேலயாவது சந்தேகம்னா பேரையும் எழுதுங்க."

சந்தேகத்துக்கு என்ன பஞ்சம்! கடைச்சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று அவளிடம், இன்னொன்று அக்காவிடம். புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒரே பெட்டியோடு வந்து எட்டு மாதமாகத் தங்கியிருக்கிற கூடப்பிறந்த அக்கா. மத்தியானம் இவள் சாப்பிடப் போனால் அக்காதான் மிஷினில் நிற்பாள். அட்டையோ மேசை டிராயரில். போன வாரம் அக்கா கையில் ஒரு புதுப் போன் வேறு முளைத்திருந்தது.

புகார்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் அக்காவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அக்கா சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று தோன்றியது. போனில் மெதுவாகப் பேசினால் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டாள். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைக்கூடக் குடைந்தாள். நாலு சேலையும் அம்மாவின் பழைய போட்டோவும்தான் இருந்தன. எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறாள் என்று நினைத்தாளே தவிர, வெட்கப்படவில்லை.

மூன்றாம் நாள் கடையிலேயே கேட்டுவிட்டாள்.

"புதுப் போன் ஏதுக்கா?"

"தவணைல வாங்கினேன். ஏண்டி?"

"யார் பேர்ல?"

அக்கா கையிலிருந்த தாள்கட்டைக் கீழே வைத்தாள். நோட்டீஸ் வந்ததை அவளும் அறிவாள்.

"என் பெட்டி கலைஞ்சிருந்துச்சு. நீயா இருக்காதுன்னு நெனச்சேன்," என்றாள்.

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வீட்டில் பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஓடிப்போனதே சாட்சி என்று தங்கை புகார்த் தாளை எடுத்து அக்காவின் பெயரை எழுதினாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்து, வழக்கம்போல மிஷினைச் சோதிக்க ஒரு நகல் ஓட்டினாள். போட்டோவும் பொடி எழுத்தும் ஒன்றாக இருப்பதால் சோதனைக்கு எப்போதும் தன் அடையாள அட்டையைத்தான் வைப்பாள். அந்தக் கோட்டைத் தவிர நகல் தெளிவாக வந்தது. தாளைப் பாதியாகக் கிழித்து, படம் விழுந்த பாதியையும் சேர்த்துப் பாழான தாள்களின் அடுக்கில் மேலாக வைத்தாள். பின்பக்கம் காலியாக இருக்கிறதே, அதில்தான் பில் எழுதுவாள். எச்சில் கையால் காக்கை ஓட்டாத சிக்கனம்! "ஒரு பில் புக்குதான் வாங்கேண்டி" என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள். "காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று இவள் வாயை அடைத்துவிடுவாள்.

அப்போது பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். தினமும் முதல் வியாபாரம் அவருடையதுதான்.

"இந்த மாசத்து பில்லும்மா. கடை சீல் இல்லாம ஆபீஸ்ல காசு தரமாட்டேங்கறாங்க," என்று அவள் எழுதிக் கொடுத்திருந்த ஆறேழு சீட்டுகளை மேசையில் பரப்பினார்.

சீல் குத்தினாள். ஒரு சீட்டு காற்றில் புரண்டது. மறுபக்கத்தில் அவளே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கோட்டோடு. அடுத்ததைத் திருப்பினாள். அதிலும் அவள்தான். மூன்றாவதிலும் அதே முகம், அதே எண், அதே முகவரி. எத்தனை மாதமாக, எத்தனை பேர் கையில்! திருட ஒருவரும் கடைக்குள் வந்திருக்கவே வேண்டாம். அவளே எடுத்து நீட்டி, நன்றியும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"என்னம்மா, கூட்டல் தப்பா?" என்றார் வாத்தியார்.

அவள் சீட்டுகளை வாரித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பையிலிருந்த புகார்த் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். அக்காவின் எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு அக்கா எடுத்தாள்.

"அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லு," என்றாள் அக்கா, கோபமே இல்லாத குரலில். "இப்ப என்ன காணோம்?"