மூடிகள்

மனைவி ஆர்டிஸின் சவப்பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோதே வெண்டல் ஸ்ட்ரோ பின்னாலிருந்து டெல்பர்ட்டின் தோளைத் தொட்டார்.

"டெல்பர்ட், இப்போ பேசுறது தப்புதான். ஆனா கீழ சாப்பிட உக்காரும்போது ஊரே இருக்கும். 'ஆர்டிஸ் தெரியாம சொல்லிட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. திங்கக்கிழமை கேஸ் இருக்காது. உங்க வீட்டுப் பக்கம் யாரும் வரமாட்டாங்க."

டெல்பர்ட் திரும்பவில்லை. தெற்கு டகோட்டாவின் மார்ச் காற்று மாட்டுப்பட்டிகளின் வாடையைக் கல்லறைவரை கொண்டுவந்தது. ஊரில் பாதிப்பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இறைச்சி ஆலையின் மேலாளர் வெண்டல். அந்த ஆலை அனுப்பிய கொத்துக்கறியைத்தான், பள்ளியில் சமையல் வேலை பார்த்த ஆர்டிஸ், வாடை சரியில்லை என்று குப்பையில் கொட்டினாள். அதோடு விடாமல், உள்ளூர் வானொலியின் மதிய நிகழ்ச்சிக்குப் போன் செய்து, "இதை என் பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன், உங்க பிள்ளைக்கு மட்டும் எப்படிக் குடுப்பேன்?" என்று கேட்டாள். தகுந்த ஆதாரமில்லாமல் உணவுப்பொருளைக் குறைசொன்னால் நஷ்டத்தைப்போல மூன்று மடங்கு கட்டவேண்டும் என்று மாநிலத்தில் ஒரு சட்டம் இருப்பது, ஆலை வழக்குப் போட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"என் மூக்குதான் ஆதாரம். கழட்டி ஜட்ஜ் மேசைமேல வைக்கவா?" என்று சிரித்தாள்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. தேவாலயத்தில் அவர்கள் உட்காரும் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. கடையில் எதிரே வந்தவர்கள் மாவுப் பைகளை உற்றுப் பார்த்தார்கள். கடைசிக் காலையில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"என்னால வீடு போயிடுமா, டெல்பர்ட்?"

"போகாது. நீ சூப்பைக் குடி."

மண்ணைத் தூவிவிட்டு எல்லோரும் தேவாலயத்துக்கு நடந்தார்கள். மகள் ரெனே கையைக் கோத்துக்கொண்டாள்.

"அந்தாளு சொன்னது கேட்டுச்சுப்பா. சொல்லிடு. அம்மா போயாச்சு. இருக்கிறது அந்த வீடு ஒண்ணுதான்."

"பாப்போம்."

நிலவறைக் கூடத்தின் படியிலேயே லவான் வழிமறித்தாள். தேவாலயச் சமையலறை அவள் ராஜ்யம். ஆர்டிஸோடு முப்பது வருடம் சண்டை போட்டவள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி, "உம் பொண்டாட்டி செத்தும் என்னை வேலை வாங்குறா. இங்க வாய்யா, இதைப் பாரு," என்றாள். குரல் வழக்கம்போல் இல்லை.

நீண்ட மேசையில் மூடியிட்ட கண்ணாடித் தட்டங்கள். தப்பாமல் வீடுபோய்ச் சேர ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் காகித நாடாவில் பெயர். அந்த ஊரில் சாவு என்றால் கொத்துக்கறியின்மேல் உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் வேகவைத்த தட்டம்தான். அப்படிப் பத்துத் தட்டமாவது இல்லாமல் யாரும் அடக்கமானதில்லை. ஆலையே கறியை இலவசமாக அனுப்பும். இன்றும் அனுப்பிய பெட்டி சமையலறைக் கதவோரம் இருந்தது. ஒட்டுநாடா பிரிக்கப்படவில்லை.

லவான் ஒவ்வொரு மூடியாகத் தூக்கினாள். கோழியும் சோறும். டூனா மீன் நூடுல்ஸ். முட்டை. பீன்ஸ். மறுபடியும் டூனா. பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி. ஒன்றில்கூடக் கொத்துக்கறி இல்லை. ஆலையில் கறி வெட்டுகிறவர்களின் வீட்டுத் தட்டங்களும் அதில் இருந்தன.

"யாருகிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டான் டெல்பர்ட்.

"நானா? நான் வாயைத் தொறந்தா என்மேலயும் கேஸு. ஒருத்தரும் ஒருத்தருகிட்டயும் பேசலைய்யா. கேட்டுப் பாத்துட்டேன்."

டெல்பர்ட் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

கூடம் நிறைந்தது. ஜெபம் முடிந்ததும், வெண்டல் முன்பே சொல்லிவைத்திருந்தபடி, போதகர் அவனைப் பார்த்தார். "டெல்பர்ட் ஏதோ சொல்லணுமாம்."

வெண்டல் காலித் தட்டோடு முன்வரிசையில் நின்றார். டெல்பர்ட் முகம் முகமாகப் பார்த்தான். இந்தமுறை யாரும் கண்ணைத் திருப்பவில்லை.

"ஆர்டிஸ் இருந்தா..." என்றவன் மேசைப் பக்கம் திரும்பினான். "ஆறிப்போகுதுன்னு திட்டுவா. சாப்பிடுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். ரெனே நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

குடும்பம்தான் முதலில் எடுக்கவேண்டும். டெல்பர்ட் எழுந்து கொஞ்சம் மக்ரோனி போட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வந்த வெண்டல் ஒரு மூடியைத் திறந்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார். மேசை முடிகிறவரைக்கும் திறந்து பார்த்தார். கடைசித் தட்டம் டூனா. அதன் நாடாவில் நீல மையில், சற்றே சாய்ந்த எழுத்தில், 'ஜெனெல் ஸ்ட்ரோ' என்று இருந்தது.

கூடத்தின் மறுகோடியில் அவர் மனைவி ஜெனெல் யாருக்கோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வெண்டல் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். நீராவி அவர் கண்ணாடியை மறைத்தது. வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.